திரையும் துணையும்
(மலாய் மொழியில் வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளுக்கான கைப்பேசிச் செயலிகள் குறித்து ஒரு சிந்தனை)

தோற்றுவாய்

எழுத்தறிவு என்பது ஒரு சமுதாயம் தன் குழந்தைகளுக்கு வழங்கும் முதற்பெருஞ் செல்வம். அச்செல்வத்தைப் பெற விரும்பியும், அது கைக்கு எட்டும் தொலைவில் இருந்தும், பற்ற இயலாது தவிக்கும் குழந்தைகள் எல்லா மொழிகளிலும் உளர். அவர்களைச் சோம்பேறிகள் என்றும் மந்தபுத்தியினர் என்றும் உலகம் நெடுங்காலம் ஏசி வந்தது. இன்றோ, அவர்தம் கையில் ஒரு கைப்பேசியைக் கொடுத்து, 'இனி இது கற்பித்துக்கொள்ளும்' என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் போக்கும் தோன்றியுள்ளது. முன்னது கொடுமை, பின்னது கடமை தவறுதல். இதனை மலாய் மொழியை முன்வைத்து இங்கு ஆராய விழைகின்றோம்.

தமிழ்த்துறை மலரில் மலாய் மொழிக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். நம் 'கடை' அங்கே 'கெடாய்' என வழங்குகிறது; 'கப்பல்' அங்கே 'காப்பால்'; 'கட்டில்' அங்கே 'காத்தில்'. பினாங்கில் 1801ஆம் ஆண்டு எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நம் கரையிலிருந்து சென்ற வணிகப் பெருமக்களின் நினைவைத் தாங்கி இன்றும் நிற்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றின் ஒரு கிளை அந்நாட்டில் வேரூன்றியுள்ளது. அக்கிளையின் குழந்தைகள் பள்ளியில் எழுத்தறியும் மொழி மலாய். அவர்களது துன்பம் நமக்கு அயலார் துன்பம் அன்று.

ஒரு மாலை நேரக் காட்சி

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் பினாங்கு சென்று உறவினர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தோம். அவ்வீட்டுச் சிறுவனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் மூன்றாம் ஆண்டு. பேச்சில் படுசுட்டி. கடைக்கு வருவோரிடம் மலாயும் வீட்டில் தமிழும் தடையின்றிப் பேசுவான். பாடநூலை விரித்தால் மட்டும் வாயடைத்துவிடும். மாலைதோறும் தாய் நூலுடன் அமர்வார்; அரைமணி நேரத்தில் தாயும் அழுவார், பிள்ளையும் அழுவான். இறுதியில் தந்தை தம் கைப்பேசியில் மலாய் வாசிப்புச் செயலி ஒன்றைப் பதிவிறக்கிக் கொடுத்தார். அழுகை நின்றது. மாலையானால் பையன் கைப்பேசியுடன் ஒரு மூலையில் ஒதுங்கினான்.

"நூலை விட இது பிடிக்கிறதா?" என்று கேட்டோம். "ஆமாம் மாமா, இது என்னைத் திட்டாது" என்றான். அந்த விடை நம் நெஞ்சில் தைத்தது. பயிற்றுவோர் அனைவரும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டிய விடை அது.

ஆயினும் அவனருகே அமர்ந்து கவனித்தபோது வேறொன்றும் புலனாயிற்று. திரையில் ஒரு சொல். அதன்கீழ் மூன்று படங்கள். பிழையான படத்தைத் தொட்டால் 'சுபா லாகி', அதாவது 'மீண்டும் முயல்க', என்று ஒரு குரல் ஒலிக்கும். சரியான படத்தைத் தொட்டால் ஒரு நட்சத்திரம் மின்னும். பையன் சொல்லைப் பார்க்கவே இல்லை. முதற் படத்தைத் தொட்டான், பின் இரண்டாவது, பின் மூன்றாவது. நட்சத்திரம் வந்தது. பத்து நிமிடங்களில் இருபது நட்சத்திரங்கள்! நாம் உள்ளங்கையால் படங்களை மறைத்து, மேலிருந்த சொல்லைப் படிக்கச் சொன்னோம். அவன் தலைகுனிந்தான்.

திட்டாத கருவி அவனைக் கவனிக்கவும் இல்லை. இக்கட்டுரையின் கருப்பொருள் இதுவே.

இடர்ப்பாட்டின் இயல்பு

'டிஸ்லெக்சியா' என்னும் சொல்லை ஆக்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்ற செருமானியக் கண் மருத்துவர். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், பதினான்கு வயது மாணவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அறிவிற் சிறந்த அம்மாணவனால் எழுத்தைக் கூட்டிப் படிக்க இயலவில்லை. பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் அவனே முதல்வனாக விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதாகவும் மார்கன் குறிப்பிட்டார். ஒன்றேகால் நூற்றாண்டு கடந்தும் இவ்வுண்மை பல வகுப்பறைகளைச் சென்றடையவில்லை.

இது நோயன்று, அறிவுக் குறையன்று, சோம்பலும் அன்று. கண்ணின் கோளாறுமன்று. சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துணர்ந்து, அவ்வொலிகளை எழுத்து வடிவங்களோடு பிணைக்கும் மூளைத் தொழிற்பாட்டில் அமைந்த வேறுபாடே இது. குடும்ப வழியாகவும் இது தொடர்வதுண்டு. நூறு குழந்தைகளில் ஐவர் முதல் பதின்மர் வரை ஏதேனும் ஓரளவில் இவ்விடர்ப்பாடு உடையர் என்பது அறிஞர் பலரும் கூறும் கணக்கு. நாற்பது மாணவர் அமர்ந்த வகுப்பில் இருவரேனும் இருக்கலாம் என்பது இதன் பொருள்.

மலேசியாவில் இதன் விளைவு சிறியதன்று. பள்ளி இறுதித் தேர்வாகிய எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் தேர்ச்சி பெறாதவர்க்குச் சான்றிதழே இல்லை. கணக்கில் வல்லவனாயினும், கைத்தொழிலில் தேர்ந்தவனாயினும், மலாய் எழுத்துப் பிடிபடாத மாணவனுக்கு மேற்படிப்பு வாயிலும் வேலை வாயிலும் ஒருங்கே அடைபடுகின்றன. தொடக்கப் பள்ளியில் கவனியாது விட்ட குறை, பதினேழாம் வயதில் வாழ்க்கைத் தடையாக வந்து நிற்கிறது.

அந்நாட்டு அரசு வாளா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2008இல் மாற்றுத்திறனாளர் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவும் எண்ணறிவும் குன்றிய மாணவரை இனங்காண 'லினுஸ்' என்னும் திட்டம் 2010இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நடைபெற்றது. 2013இல் வந்த சிறப்புக் கல்வி விதிகள், இத்தகைய மாணவர்க்கேற்பப் பாடத்தின் முறையையும் கால அளவையும் மாற்றியமைக்க ஆசிரியருக்கு இடமளிக்கின்றன. ஆயினும், இனங்காணப்பட்ட குழந்தைக்கு நாள்தோறும் தனியே பயிற்சி தர ஆள் வேண்டுமே! அந்த வெற்றிடத்தில்தான் கைப்பேசிச் செயலி நுழைகிறது.

மலாய் எழுத்தின் எளிமையும் சிக்கலும்

'மலாய் மிக எளிய மொழி. எழுதியவாறே ஒலிக்கலாம்' என்பர். ஆங்கிலத்தோடு ஒப்பிட இது பெரும்பாலும் உண்மையே. உரோமன் எழுத்தில் அமைந்த மலாய் நெடுங்கணக்கில் ஒலிக்காத எழுத்துகள் பெரும்பாலும் இல்லை. இத்தகைய மொழிகளில் வாசிப்பிடர்ப்பாடு தன் முகத்தை மாற்றிக்கொள்கிறது. குழந்தை பிழையாகப் படிப்பதைக் காட்டிலும் மிக மெதுவாகப் படிப்பதே அதன் முதன்மை அறிகுறி. 'படித்துவிடுகிறானே, சற்று மந்தம்தான்' என்று ஆசிரியர் விட்டுவிடுவதற்கு இதுவே காரணம். எளிய எழுத்து முறை குழந்தையின் துன்பத்தை மறைத்துவிடுகிறது.

எளிமை நடுவே இருக்கும் முடிச்சுகளையும் காண்போம்.

முதலாவது, உருவ ஒற்றுமை. ஒரு கோடும் ஒரு வட்டமும் கொண்டு உரோமன் சிற்றெழுத்துகள் நான்கு பிறக்கின்றன. வட்டம் கோட்டின் அடியில் வலப்புறம் நின்றால் ஓர் எழுத்து. இடப்புறம் நின்றால் வேறோர் எழுத்து. தலைப்பில் வலமும் இடமும் நின்றால் மேலும் இரண்டு. 'அடாப்' என்பது மலாயில் ஒழுக்கத்தைக் குறிக்கும். நம் வீடுகளில் 'அதபு' என வழங்கும் அதே அரபுச் சொல். இதன் இரு மெய்களும் இடம் மாறினால் 'அபாட்' ஆகும். அதற்கு நூற்றாண்டு என்று பொருள். வட்டம் வலமா இடமா என்னும் ஐயம் எழுந்த மாத்திரத்தில் ஒழுக்கம் நூற்றாண்டாகிவிடுகிறது!

இரண்டாவது, ஓரெழுத்து ஈரொலி. மலாயில் எகர எழுத்து ஒன்றே, ஒலி இரண்டு. ஒன்று நம் எகரம் போன்றது. அதனைத் 'தாலிங்' என்பர். மற்றொன்று நாவைத் தளர்த்தி ஒலிக்கும் மெலிந்த உயிர்; நம் குற்றியலுகரத்தின் தளர்ச்சியை நினைவூட்டுவது. அதனைப் 'பெப்பெட்' என்பர். 'செபாக்' என்னும் சொல்லின் முதலுயிரைத் தெளிவாக எகரமாக ஒலித்தால் காலால் உதைத்தல்; மெலிந்து ஒலித்தால் கையால் அறைதல். 'பெராங்' ஒருவகையில் ஒலித்தால் போர். மற்றொரு வகையில் பழுப்பு நிறம். முன்னர் மெலிந்த ஒலிக்குத் தலைமேல் ஓர் அடையாளம் இட்டெழுதும் மரபு இருந்தது. 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் தம் எழுத்துக்கூட்டலை ஒன்றுபடுத்தியபோது அவ்வடையாளம் நீக்கப்பட்டது. தேர்ந்த வாசகனுக்கு அதனால் இழப்பில்லை. தடுமாறும் குழந்தைக்கோ ஊன்றுகோல் ஒன்று பறிபோயிற்று.

மூன்றாவது, சொல்லின் நீட்சி. 'துலிஸ்' என்றால் எழுது. முன்னொட்டுச் சேர்ந்தால் 'மெனுலிஸ்'. எழுதுபவர் 'பெனுலிஸ்', எழுத்து 'துலிசான்'. 'பாச்சா' என்றால் படி. முன்னொட்டுச் சேர்ந்தால் 'மெம்பாச்சா'. 'பூக்குல்' என்றால் அடி. அது 'மெமுக்குல்' ஆகும். நன்னூல் பயின்ற நம் மாணவர்க்குத் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் இங்கு நினைவுக்கு வரும். பகுதியின் முதலெழுத்தே மறைந்துவிட்ட சொல்லில் பகுதியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையில் ஏழு வயதுக் குழந்தை நிற்கிறது.

நான்காவது, வீட்டு வழக்கும் நூல் வழக்கும். பினாங்குக் குழந்தை பெரியது என்பதனை 'பெசாக்' என்று சொல்லிப் பழகியது. நூலிலோ 'பெசார்' என்றிருக்கும். கிளந்தான் குழந்தை உண்ணுதலை 'மாகே' என்று கேட்டு வளர்ந்தது, நூலிலோ 'மாக்கான்'. ஒலியையும் எழுத்தையும் பிணைப்பதே துன்பமாயிருக்கும் குழந்தைக்கு, பிணைக்க வேண்டிய ஒலியே வேறாக இருப்பின் என் செய்யும்?

ஐந்தாவது, இரு வரிவடிவங்கள். முஸ்லிம் குழந்தைகள் பள்ளியில் ஜாவி எழுத்தையும் கற்கின்றனர். அரபு வரிவடிவத்தோடு மலாய்க்கே உரிய சில ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டி அமைத்தது ஜாவி. நம் முன்னோர் அரபுத்தமிழுக்குச் செய்ததும் இதுவே. காலையில் இடமிருந்து வலமாகவும், பின்னர் வலமிருந்து இடமாகவும் கண்ணோட வேண்டும். ஓர் எழுத்தில் வட்டம் நிற்கும் பக்கம் முக்கியம். மற்றொன்றில் புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் முக்கியம். இரண்டிலும் தடுமாறும் குழந்தையை எத்துணைப் பரிவோடு நடத்தவேண்டும்!

செயலி செய்யவல்லது

செயலியை முற்றாக ஒதுக்குவார் கூட்டத்தில் நாம் இல்லை. அதன் நன்மைகள் உண்மையானவை. ஒரே ஒலியை நூறு முறை கேட்டாலும் அது சலிப்பதில்லை. எழுத்தைக் காட்டும் அதே நொடியில் ஒலியையும் கேட்பிக்கிறது. கண்ணாடித் திரையில் விரலால் எழுத்தை வரையச் செய்கிறது. கண், செவி, விரல் மூன்றும் ஒருங்கே இயங்கிக் கற்பது, சாமுவேல் ஆர்ட்டன், ஆன்னா கில்லிங்காம் ஆகியோர் காலந்தொட்டு இத்துறையில் போற்றப்படும் நெறி. வகுப்பு முழுவதும் பார்த்துச் சிரிக்கும் இழிவு திரையின்முன் இல்லை.

மலேசிய ஆய்வாளர்கள் இத்தகைய குழந்தைகளின் அடிப்படை மலாய்க் கல்விக்கென 'மைலெக்சிக்ஸ்' என்னும் கணினிப் பாடத்தை 2009இலேயே அறிமுகம் செய்தனர். அன்று கணினியில் இருந்த முயற்சி இன்று கைப்பேசிக்கு வந்துள்ளது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மலேசியப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசியே பல குழந்தைகளுக்கு வகுப்பறையாயிற்று. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்த ஏழை இல்லங்களும் உண்டு.

விளம்பரங்களை மட்டும் எச்சரிக்கையோடு நோக்கவேண்டும். 'வாசிப்பிடர்ப்பட்டோர்க்கான சிறப்பு எழுத்துரு' என்று பறைசாற்றுவன பல. எழுத்தின் அடியைத் தடித்தும் வளைத்தும் அமைத்த அவ்வுருக்கள் வாசிப்பை உயர்த்துகின்றன என்பதற்கு ஆய்வுகள் உறுதியான சான்று தரவில்லை. அதற்கு மாறாக, எழுத்துகளுக்கிடையே இடைவெளியை மிகுப்பது பயன் தருவதை இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வொன்று 2012இல் காட்டியது. விலைகொடுத்து வாங்கும் புதுமையைக் காட்டிலும், செலவின்றிக் கிட்டும் இடைவெளி மேலானதாயிற்று!

செயலியில் காணாதது

நம் முதற்குறை, பல செயலிகள் ஆங்கிலச் செயலியின் மலாய்ப் பெயர்ப்பாக இருப்பது. ஆங்கிலக் குழந்தைக்கு மூன்றெழுத்து ஓரசைச் சொற்களிலிருந்து பாடம் தொடங்குவர். அம்முறையை அப்படியே மலாய்க்குக் கொணர்ந்தால் கிடைப்பன பெரும்பாலும் 'பஸ்', 'பெக்', 'வேன்' என்னும் இரவற் சொற்களே. மலாயின் பகுதிகளிற் பெரும்பாலானவை ஈரசைச் சொற்கள்: பூக்கு (நூல்), மாத்தா (கண்), காக்கி (கால்). மலாய் ஆசிரியர்கள் நெடுங்காலமாக அசையை, அவர்கள் மொழியில் 'சுக்கு காத்தா'வை, அலகாகக் கொண்டே வாசிப்புக் கற்பித்து வந்துள்ளனர். நம் உயிர்மெய் வரிசையைக் கூட்டிப் படித்த நமக்கு அந்நெறியின் பயன் விளங்கும். செயலியும் அவ்வழியே செல்லவேண்டும்.

ஆகவே மலாய்ச் செயலி ஒன்றை மதிப்பிட நாம் கேட்கும் வினாக்கள் இவை. அது அசையில் தொடங்குகிறதா? உருவ ஒற்றுமையுடைய எழுத்துகளை ஒரே நாளில் கற்பிக்காது, ஒன்று நன்கு படிந்தபின் மற்றொன்றைத் தருகிறதா? இரு எகரங்களையும் தொடக்கத்தில் அடையாளமிட்டுக் காட்டி, பழகப் பழக அடையாளத்தை மெல்ல நீக்குகிறதா? 1972இல் அச்சிலிருந்து போன ஊன்றுகோலைத் திரையில் தற்காலிகமாகத் திருப்பித் தருவது எளிது. அச்சு நூலால் இயலாதது அது. முன்னொட்டை ஒரு நிறத்திலும் பகுதியை வேறொரு நிறத்திலும் காட்டி, மறைந்த முதலெழுத்தை நினைவூட்டுகிறதா? 'பெசாக்' என்று சொல்லும் குழந்தையின் பேச்சைப் பிழையெனத் தள்ளாது, 'பெசார்' என்னும் எழுத்துக்கு அழைத்துச் செல்கிறதா? தொட்டுத் தொட்டு ஊகிக்கும் குழந்தையை அடையாளம் கண்டு, படங்களை நீக்கிச் சொல்லை மட்டும் காட்டுகிறதா?

இவ்வினாக்களுள் எதுவும் கணினி வல்லுநருக்கு மட்டும் உரியதன்று. அனைத்தும் இலக்கணம் பற்றியவை, ஒலியியல் பற்றியவை, வகுப்பறை பற்றியவை. மொழியாசிரியர் விலகி நிற்கும்போது இவ்வினாக்களைக் கேட்பார் இல்லாது போகின்றனர். வண்ணமும் இசையும் நட்சத்திரமும் மிஞ்சுகின்றன, மொழி மறைந்துவிடுகிறது.

அருகிருக்கும் ஆள்

இரண்டாவது குறை இதனினும் பெரியது. பின்லாந்து நாட்டு யுவாஸ்குலா பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து பிறந்த 'கிராஃபோகேம்' என்னும் வாசிப்பு விளையாட்டு உலகப் புகழ் பெற்றது. ஒலியைக் கேட்டு எழுத்தைத் தெரிவு செய்வது அதன் அடிப்படை. பல நாடுகளில் அதனைக் கொண்டு நடந்த ஆய்வுகள் 2020இல் ஒருங்கே ஆராயப்பட்டன. மொத்தத்தில் பார்க்கும்போது, விளையாடிய குழந்தைகள் சொல் வாசிப்பில் மற்றவரை விஞ்சவில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் உடனிருந்து ஊக்கி, கேட்டு, திருத்தி வந்த இடங்களில் முன்னேற்றம் தென்பட்டது. கருவி ஒன்றே, வேறுபாடு அருகிருந்த ஆள்.

மலாய் உலகுக்கு இது புதிய செய்தியன்று. குர்ஆன் ஓதக் கற்கும் குழந்தைகளுக்காக இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவைச் சேர்ந்த அஸ்அத் ஹுமாம் 'இக்ரஃ' என்னும் பாடநூல் வரிசையை அமைத்தார். ஆறு சிறு பகுதிகள் கொண்ட அந்நூல் மலேசியாவிலும் வீடுதோறும் அறிமுகமானது. எழுத்தின் பெயரை மனனம் செய்யாது, ஒலியசையை நேரே வாசிக்கத் தொடங்குவது அதன் முறை. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் செல்லும். ஆசிரியர் முன் தனித்தனியே அமர்ந்து ஓதிக்காட்டி, அவர் செவிக்கு நிறைவானபின்பே அடுத்த பக்கம். நூல் மெலிது, தாள் மலிவு, அதனை நடத்துவது கேட்கும் ஒரு செவி. வாசிப்பிடர்ப்பட்ட குழந்தைக்கு வேண்டுவன யாவை என்று இன்றைய அறிஞர் கூறுகின்றார்களோ, அவற்றிற் பல அந்த எளிய பாயில் முன்னரே அமர்ந்துள்ளன.

'ஆசிரியருக்கு நேரமில்லை, தாய்க்குக் கற்பிக்கும் முறை தெரியாது, அதனால்தானே கைப்பேசி?' என்று மறுப்போர் உண்டு. அம்மறுப்பில் நியாயம் இருக்கிறது. நாள்முழுதும் கடையில் நின்றுவிட்டு வரும் தந்தையையும், நான்கு பிள்ளைகளைப் பேணும் தாயையும் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்நியாயம் செயலியை வேறுவிதமாக அமைக்கக் கோருகிறது. பெரியவரை விலக்கக் கோரவில்லை. குழந்தை ஒருவருக்கென்று அமைக்கும் செயலியை, குழந்தையும் பெரியவரும் ஆகிய இருவருக்கென்று அமைக்கலாமே! இன்று எந்த அசையில் குழந்தை தடுமாறியது, அதனைத் தாய் எவ்வாறு ஒலித்துக் காட்டவேண்டும் என்று தாய்க்கும் நான்கு வரி சொல்லலாமே! பதினைந்து நிமிடத்தில் தானே நின்றுவிடலாமே! வார இறுதியில் ஆசிரியருக்கு ஒரு குறிப்பு அனுப்பலாமே! விளம்பரங்கள் குறுக்கிடாமலும், இணையம் எட்டாத சிற்றூரிலும் இயங்குமாறும் செய்யலாமே! இவை எவையும் இயலாதவை அல்ல. கேட்பார் இருந்தால் செய்வார் இருப்பர்.

நம் கடமை

இச்சிந்தனை மலாய்க்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் இடர்ப்பாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. நாளை தமிழுக்கென்று ஒரு செயலி வரும்போது, அதுவும் ஆங்கிலத்தின் பெயர்ப்பாக வரலாகாது. ஒரே வல்லின எழுத்து இடத்திற்கேற்ப வேறாக ஒலிப்பதும், கொம்பு மெய்க்கு முன்னே எழுதப்பட்டுப் பின்னே ஒலிப்பதும் தமிழ்க் குழந்தையின் முடிச்சுகள். அவற்றை அறிந்து சொல்லவேண்டியவர் தமிழாசிரியர். மலாய் ஆசிரியர் செய்யத் தவறுவதைச் சுட்டும் நாம், நம் வீட்டில் அதே தவற்றைச் செய்யலாகாது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். நாளை ஆசிரியராகச் செல்லும் உங்கள் வகுப்பில், வாயால் எல்லாம் சொல்லி, ஏட்டில் ஒன்றும் எழுதாத பிள்ளை ஒருவன் இருப்பான். அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பாதீர்கள். சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கைப்பேசி வாங்கிக் கொடுப்பது உதவியின் தொடக்கம் மட்டுமே. அதனருகே அமரும் ஆளை ஆயத்தப்படுத்துவதற்கும் உங்கள் ஆதரவு தேவை.

அந்தப் பினாங்குச் சிறுவனின் தாயிடம், நாம் புறப்படுமுன் ஒன்றே சொல்லி வந்தோம். "நாள்தோறும் கால்மணி நேரம் அருகில் அமருங்கள். படங்களைக் கையால் மறையுங்கள். அவன் சொல்லும் வரை காத்திருங்கள். திட்டாதீர்கள்." சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் அவன் தன் பாடநூலிலிருந்து மூன்று வரிகள் நமக்குப் படித்துக் காட்டினான். ஒவ்வோர் அசையாக, இடையிடையே நின்று நின்று படித்தான். மூன்று வரிக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. தேர்வறையில் அவ்வேகம் போதாது. அவனுக்கு இன்னும் நெடுந்தொலைவு இருக்கிறது. ஆனால் அன்று அவன் ஊகிக்கவில்லை, படித்தான். மறுமுனையில் அவன் தாய் ஒரு சொல்லும் பேசாது காத்திருந்த அமைதியும் நமக்குக் கேட்டது.